கேட்காத கேள்விக்கு முழு மதிப்பெண்

குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தமக்கு இரண்டே நிமிடம்தான் பிடித்தது என்று தலைமையாசிரியர் ரங்கையா சொன்னபோது, சலீமுக்குத் தன் தொழில் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. திருப்பதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் நடக்கும் அவர்களுடைய துப்பறியும் நிலையத்துக்கு, போன மாதம் காணாமல் போன ஒரு ஸ்கூட்டியைக் கண்டுபிடிக்கப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அதுவும் எடுத்தவனே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதால் கிடைத்தது.

"ரெண்டு நிமிஷமா சார்? பேசாம எங்க ஆபீஸுக்கு வந்துடுங்க. ஃபேனுக்கு நேரா நாற்காலி போட்டுத் தர்றோம்" என்றான் சலீம்.

ரங்கையா சிரிக்கவில்லை. சிரிக்கிற நாளாகவும் அது இல்லை. ஆந்திர எல்லையில், சத்தியவேட்டிலிருந்து இருபது நிமிடம் உள்ளே தள்ளியிருக்கும் நெல்லிக்கண்டிகை உயர்நிலைப் பள்ளிக்கு, மாலை மூன்று மணிக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வருகிறார். குற்றம், பத்தாம் வகுப்பின் மாதிரித் தேர்வுக்குத் தயாரித்த தமிழ்த்தாள் முந்தின நாளே செல்போனில் வெளியானது. குற்றவாளி, தமிழ் மீடியம் பத்தாம் வகுப்பில் முதலாவதாக வரும் கீர்த்தி. விசாரணையில் அது உறுதியானால் அவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பொதுத்தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

கீர்த்தியின் தகப்பனார் பச்சையப்பன் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். நேற்று தறியை நிறுத்திவிட்டுத் திருப்பதிக்கு வந்து, துப்பறியும் தேவசேனாவின் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. "ஒரு வருசம் வூட்ல குந்திக்கினா அப்பால பொண்ணு எங்கம்மா பள்ளிக்கூடம் போவப் போவுது? எம்பொண்ணு அத்த செய்யல. செஞ்சிருந்தா என் கண்ணப் பாக்கமாட்டா" என்று மட்டும் சொன்னார். அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும் சட்டம் எந்த ஊரிலும் இல்லை. ஆனாலும் தேவசேனா எடுத்துக்கொண்டாள். நாற்பது வயது, பாதி நரை, எவரையும் இடைமறிக்காத பழக்கம். சலீம் அவளிடம் ஒன்பது வருஷமாக உதவியாளன். இடைமறிப்பதெல்லாம் அவன் பாகம்.

ரங்கையா தம் செல்போனை மேஜைமேல் வைத்தார். திரையில் கையால் எழுதிய ஒரு கேள்வித்தாளின் படம். பக்கத்தில், வகுப்புச் சுவரிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்த ஒரு சார்ட் காகிதம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவின் சுவர்ப் பத்திரிகை அது. பிறந்தநாள், பழமொழி, பாத்ரூம் கழுவும் முறைப் பட்டியல், எல்லாம் கீர்த்தி எழுதியது.

"சூடண்டி மேடம். இந்த எழுத்து, இந்த எழுத்து. ரெண்டும் ஒகட்டே. எனக்குத் தமிழ் படிக்க வராது. ஆனா கண்ணு இருக்கு இல்ல? அந்த அம்மாயி கீர்த்தியும் நான் எழுதலேன்னு சொல்லல. வாயே தொறக்கல."

எழுத்து ஒன்றுதான். சலீமுக்கே அதில் சந்தேகம் இல்லை. உருண்டு திரண்டு, அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. தேவசேனா மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சலீம், நீ பள்ளிக்கூடத்துல பிட் எழுதியிருக்கியா?"

"எழுதாம எப்படி மேடம் பாஸ் பண்றது?"

"கார்பன் வெச்சு எழுதியிருக்கியா?"

"பிட்டுக்குக் கார்பனா? அது என்னா ரேஷன் கடை ரசீதா?"

தேவசேனா திரையை அவன் பக்கம் திருப்பினாள். எழுத்தின் ஓரமெல்லாம் நீலம் ஈஷியிருந்தது. காகிதத்தின் மூலையில் ஒரு நீலக் கட்டைவிரல் ரேகை. பேனாவால் எழுதிய தாள் இல்லை அது. ஐந்தாறு தாள்களை அடுக்கி மேலே அழுத்தி எழுதியபோது அடியில் விழுந்த பிரதி.

"திருட்டுத்தனமா எழுதறவ யாருக்கும் தெரியாம ஒரு தாள்ல கிறுக்குவா. இந்தப் பொண்ணு மேஜை போட்டு, மார்ஜின் விட்டு, மார்க்கெல்லாம் ஓரமா அடைப்புல போட்டு, கார்பன் வெச்சு எழுதியிருக்கா. சார், பரீட்சை அன்னிக்குப் பசங்களுக்குக் குடுத்த தாள் எங்கே?"

"அது வேங்கடாசலம் சார் டிப்பார்ட்மெண்ட். மத்த பேப்பர் எல்லாம் மேலேருந்து அச்சாகி வந்துடும். தமிழ்ப் பேப்பர் வராது. அவரே தயார் பண்ணி, அவரே குடுத்து, அவரே திருத்துவாரு. ஸ்கூல்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச வாத்தியார் அவர் ஒருத்தர்தான்."

"திருத்தின விடைத்தாளாவது இருக்கா?"

அது இருந்தது. ரங்கையா பீரோவிலிருந்து பதினொரு விடைத்தாள் கொண்ட கட்டை எடுத்துக் கொடுத்தார். மொத்தப் பிரிவுமே பதினொரு பேர்தான். பத்துத் தாளைத் தேவசேனா வேகமாகப் புரட்டினாள். போனில் இருந்த கேள்விக்கு நேரான பதில்கள். பதினோராவது கீர்த்தியுடையது. அதைப் புரட்ட அவளுக்குக் கால்மணி நேரம் ஆனது. பிறகு சலீமிடம் நீட்டினாள்.

போனில் இருந்த தாள், குடிநீர்க் குழாய் கேட்டு ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதச் சொன்னது. கீர்த்தி, புத்தகம் அனுப்பிய மாமாவுக்கு நன்றிக் கடிதம் எழுதியிருந்தாள். தாள் மழைநீர் சேகரிப்பைப் பற்றிக் கட்டுரை கேட்டது. அவள் நூலகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். ஒரு பதிலாவது கேட்ட கேள்விக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து போட்டது போல் கோணலும் நெளிசலுமாக ஒரு சிவப்புக் குறி. மேலே நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

"கேட்டது ஒண்ணு, எழுதினது ஒண்ணு" என்று சலீம் முணுமுணுத்தான். "பத்தாவதுல நானும் இப்படித்தான் எழுதினேன் மேடம். எனக்குப் பதினாலு போட்டாங்க."

"உனக்குத் தெரியாததனால எழுதினே. இவ கேட்டதுக்குத்தான் எழுதியிருக்கா. இவகிட்ட கேட்ட கேள்வியே வேற."

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவள் மீதியைச் சொன்னாள். அந்தத் தாளைக் கீர்த்தி முன்கூட்டியே பார்த்துவிட்டாள் என்று தெரிந்த யாரோ ஒருவர், அவளுக்கு மட்டும் வேறு கேள்வி கொடுத்திருக்கிறார். கொடுத்தவரேதான் திருத்தி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். அவள் திருடியிருந்தால் அது அவருக்கு எப்படித் தெரியும்? எழுதச் சொன்னவரே அவராக இருந்தால்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. தட்டுகளோடு பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். முட்டை, சாம்பார் சாதம், ஒரு வேர்க்கடலைச் சிக்கி. தெலுங்கு மீடியம் ஒரு பக்கம் இருநூறு பேர், தமிழ் மீடியம் பத்தாவது ஒரு தூணோரம் பத்துப் பேர். பதினோராவது ஆளை ரங்கையா விஞ்ஞானக் கூடத்தில் தனியாக உட்கார வைத்திருந்தார். அவளுடைய முட்டையை ஒருத்தி தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

சலீம் அவர்கள் நடுவில் போய்ச் சம்மணம் போட்டான். வகுப்பு லீடர் யஸ்வந்த் என்று அறிமுகமானவன், கண்ணாடி போட்டவன், முட்டையைப் பிட்டுக்கொண்டே இருந்தானே தவிர வாயில் போடவில்லை.

"உங்க தமிழ் சார் எப்பவாச்சும் போர்டுல எழுதியிருக்காரா தம்பி?" என்று பின்னாலேயே வந்த தேவசேனா கேட்டாள்.

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தார்கள்.

"மார்க்குப் பக்கத்துல டிக்கு போடவே அவருக்குக் கை நிக்கல. நான் பார்த்தேன். இதுல தப்பு ஒண்ணும் இல்லை. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

யஸ்வந்த் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவரும் தலையசைக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"சாருக்குக் கை ஒதறுது மேடம்" என்றான். "மூணு வருசமா. நெரம்பு வியாதியாம். தெரிஞ்சா அன்பிட்டுன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பேன்ட் பாக்கெட்லயே வெச்சிக்கினு கீறாரு. ஏழாவதுலேருந்து எல்லாத்தையும் கீர்த்திதான் எய்தும். போர்டு, ரிஜிஸ்டரு, பரீட்சைப் பேப்பரு. ஜெராக்ஸ் கடைக்குக் குடுத்தா வெளில போயிடும்னு கார்பன் வெச்சு எய்தும். பரீட்சை முடிஞ்சதும் சார் எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்குவாரு."

"கீர்த்திக்கு?"

"அதுக்கு மட்டும் பரீட்சை அன்னிக்கு வேற கேள்வி வாயால சொல்லுவாரு. அது மொதல்ல கேள்விய எய்திக்கினு அப்பால பதில் எய்தும். கேள்வி எய்தின தாளு வேற. அதுவும் சார்கிட்டதான்."

வெளியில் போகக் கூடாதென்று இவ்வளவு பாதுகாத்த தாள் எப்படிப் போனில் ஏறியது என்று சலீம் கேட்டான். யஸ்வந்தின் குரல் இறங்கிவிட்டது.

"பக்கத்து மண்டலத்துல ஒரு தமிழ் சார் கீறாரு. அவுங்க ஸ்கூலுக்கும் பேப்பர் கெடையாது. ஒரே பேப்பர ரெண்டு பேரும் வெச்சிக்குவாங்க. அவருக்கு போட்டோ அனுப்பப் போயி, வெரல் ஒதறி எங்க கிளாஸ் குரூப்புல வுயுந்துடுச்சி. அஞ்சே நிமிசம். அழிச்சிட்டாரு. அதுக்குள்ள நான் எடுத்து வெச்சிக்கினேன். பக்கத்து வூட்டுப் பையன் தெலுங்கு மீடியம், அவனுக்கு அனுப்பிட்டேன். அவன்கிட்டேருந்து ஹெட்மாஸ்டர் போன் வரைக்கும் பூடுச்சி. என்னாலதான் மேடம்."

"குரூப்புல எத்தனை பேர் பார்த்தீங்க?"

"எல்லாந்தான்."

சலீம் ஒரு நகைச்சுவையை எடுத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தான். பத்து முகத்தையும் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டான். யார் செய்தது என்று கண்டுபிடிக்க அவர்கள் திருப்பதியிலிருந்து வந்திருக்கிறார்கள். இந்தப் பத்துப் பேருக்கும் அது முதல் நாளே தெரியும். சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்தப் போன் எங்கே தம்பி?"

"அம்மா எடுத்துக்கினு ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஷிப்டு பூடுச்சி. ராத்திரிதான் வரும். படத்தையும் அழிச்சிட்டேன். கீர்த்திதான் அழிக்கச் சொல்லிச்சி. யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சி."

விஞ்ஞானக் கூடத்தில் கீர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்து சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். எழுத விடமாட்டார்கள் என்று தெரிந்த பரீட்சைக்கு அடிக்கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

தேவசேனா சுற்றி வளைக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். கீர்த்தி புத்தகத்தை மூடினாள்.

"சார சஸ்பெண்டு பண்ணா அடுத்த சார் வரமாட்டாரு மேடம். ஆறாவதுலேருந்து நாப்பது பேர் கீறாங்க. என் தம்பி எட்டாவது. எல்லாத்தையும் கொண்டுபோயி தெலுங்குல ஒக்கார வெப்பாங்க. எட்டு வருசம் தமிழ்ல படிச்சவன் திடீர்னு தெலுங்குல பரீட்சை எய்தினா இன்னா ஆவான்? ரெண்டு தபா பெயிலாவான், கம்பெனிக்குப் பூடுவான். எங்க சித்தப்பா பசங்க அப்பிடித்தான் போனாங்க."

"நீ என்ன ஆவே?"

"நான் அடுத்த வருசம் எய்திக்கிறேன்."

அதை அவள் நம்பிச் சொல்லவில்லை. தேவசேனாவும் நம்பவில்லை.

ஆசிரியர் அறையில் வேங்கடாசலம் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நல்ல முகம். தேவசேனா அவர் எதிரில் உட்கார்ந்து ஐந்து வாக்கியம் பேசினாள். அவர் மறுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"என் பொண்ணு மாதிரி மேடம் அது. அறுபத்திரண்டுலதான் ரிட்டையர், இன்னும் ஒண்ணரை வருசம் சர்வீஸ் இருக்கு எனக்கு. அது போனாப் போவட்டும். மூணு மணிக்கு நானே சொல்லிடறேன். நீங்க யாரும் எதுவும் பேச வேண்டாம்."

சலீம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கை அவன் கைக்குள் மீன் குஞ்சு மாதிரி துடித்தது. சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் நின்றிருந்த பச்சையப்பனிடம் ஓடிப் போய், "கண்டுபிடிச்சாச்சு அண்ணா. உங்க பொண்ணு பரீட்சை எழுதும்" என்று சொல்லியும் விட்டான். தொழிலில் இப்படி முன்கூட்டிச் சொல்லக் கூடாதென்று தேவசேனா அவனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

அதிகாரி மூன்று மணிக்குச் சொன்னபடி வந்தார். ஐந்து மணிக்கு வேறொரு பள்ளி இருக்கிறது என்று வந்ததுமே சொன்னார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். தெலுங்கில்தான் பேசினார். தாளை வெளியிட்டது தான்தான் என்று கீர்த்தி சொல்வதாக ஒரு ஒப்புதல் கடிதம், ரங்கையா கையால் தெலுங்கில் எழுதித் தயாராக இருந்தது. கீர்த்தி அதை முழுவதும் படித்தாள். எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு படிக்க வரும், பாடம் எழுதத்தான் வராது. பிறகு வேங்கடாசலம் சாரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வேங்கடாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலீம் தொண்டையைச் செருமினான். அவர் நிமிரவில்லை.

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே ரங்கையாவிடம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். ஜூன் மாதத்திலிருந்து தமிழ்ப் பிரிவு கிடையாது. எண்ணிக்கை போதவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் தெலுங்குப் பிரிவில் சேர்த்துவிடச் சொல்லி வெள்ளிக்கிழமையே உத்தரவு வந்துவிட்டது. பெற்றோர் கூட்டம் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்றார்.

கீர்த்தி தலையைத் தூக்கினாள். எதைக் காப்பாற்ற அவள் கையெழுத்துப் போட்டாளோ அது வெள்ளிக்கிழமையே போய்விட்டிருந்தது.

"சார்" என்று தெலுங்கில் அதிகாரியைக் கூப்பிட்டாள். விசாரணையில் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் திருடல. தமிழ் சார் எழுதச் சொன்னதனால எழுதினேன். எல்லாப் பரீட்சைக்கும் நான்தான் எழுதுவேன்."

தேவசேனா காத்திருக்கவில்லை. பதினோராவது விடைத்தாளையும், படம் இருந்த போனையும் அதிகாரி முன்னால் வைத்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று விளக்கினாள். அதிகாரி கவனமாகத்தான் கேட்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

"நீங்க வெளி ஆள் அம்மா. நீங்க படிச்சுச் சொன்னதை நான் ரிப்போர்ட்டில் எழுத முடியாது. ஸ்கூலில் தமிழ் தெரிந்த ஸ்டாஃப் யார்?"

எல்லாரும் வேங்கடாசலத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு விடைத்தாளைப் படித்தார். கடிதத்தைப் படித்தார். கட்டுரையை மூன்று பக்கமும் படித்தார். அவ்வளவு நேரம் படித்ததால் சலீமுக்கு நம்பிக்கை வந்தது.

"இந்தப் பதில்கள் அந்தக் கேள்விகளுக்குத்தானா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவுனு சார்" என்றார் வேங்கடாசலம். ஆமாம் என்று அர்த்தம். பிறகு யாரும் கேட்காமலே, "நல்லாப் படிக்கிற பொண்ணு சார். பாத்து செய்ங்க" என்றும் சொன்னார்.

தேவசேனா பேச வாயெடுத்தாள். அதிகாரி கையமர்த்தினார். "அதையே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தமிழிலேயே இருக்கட்டும், ஃபைலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, ரங்கையாவோடு டீ குடிக்க வராந்தாவுக்குப் போனார்.

அறையில் நான்கு பேர் மிஞ்சினார்கள். வேங்கடாசலம் பேனாவைத் தாளில் வைத்தார். பேனா வழுக்கிக் குறுக்கே ஓடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தாளில் ஆரம்பித்தார். அதுவும் கிறுக்கலாகிப் போனது. மூன்றாவது தாளை எடுத்தவர், வருஷக்கணக்கான பழக்கத்தில், கீர்த்தி முகத்தைப் பார்க்காமலே அதை அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

"கொடுக்காதீங்க சார்" என்றான் சலீம். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

தேவசேனா அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள். அவளுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. சாரின் வாக்குமூலம் கீர்த்தியின் கையெழுத்தில் இருந்தால், தமிழ் தெரியாதவனுக்கும் அது யார் எழுத்து என்று தெரிந்துபோகும். கீர்த்தியும் அதை நினைத்தாளோ என்னவோ, பேனாவை எடுத்தாள். தன் விடைகள் கேள்விகளுக்குச் சரியாகப் பொருந்துகின்றன என்று, மார்ஜின் விட்டு, அந்த அழகான எழுத்தில், தானே எழுதினாள். வேங்கடாசலம் கீழே ஒரு கோணல் கோட்டை இழுத்தார். அதுதான் அவர் கையொப்பம். பிறகு மணி அடிக்காத வகுப்புக்கு அவசரமாக எழுந்து போனார்.

அதிகாரி திரும்பி வந்து, தாளை அப்படியே ரங்கையாவிடம் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். ரங்கையா தாளைப் பார்த்தார். மேஜையில் இன்னும் கிடந்த சுவர்ப் பத்திரிகையைப் பார்த்தார். கீர்த்தியைப் பார்த்தார். வெளியே ஜீப் கிளம்பவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"தெரியுதில்ல சார்?" என்றாள் தேவசேனா.

"தெரியுது மேடம்."

"நான் வெளி ஆள். நீங்க கூப்பிடுங்க."

ரங்கையா துளைக் கருவியை எடுத்தார். "இப்ப கூப்பிட்டா, மூணு வருசமா ஹெட்மாஸ்டர் என்ன பண்ணிக்கினு இருந்தாருன்னு என்னைக் கேப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார். தாளைத் துளை போட்டுக் கோப்பில் கோத்தார். நாடாவை இறுக்கி முடிந்தார். ஜீப் கிளம்பிற்று.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் பச்சையப்பன் புதுச் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு நின்றிருந்தார். சலீம் சொன்ன நல்ல சேதிக்காக, பள்ளி வாசல் கடையில் மிக்சர் பொட்டலம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்.

"ஹால் டிக்கெட் குடுத்தாங்களாம்மா?"

"இல்ல நைனா" என்றாள் கீர்த்தி. அவர் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

பச்சையப்பன் சலீமைப் பார்த்தார். மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நகரி பஸ்ஸுக்கு நடந்தார்.